துணிப் பெட்டியில் என்ன கோளாறு? இலங்கை மலையகத்தில் ஒட்டுப்போர்வை தைப்பவர்களுக்கு ஒரு வழிமுறை

எங்கள் வீட்டில் இப்போது 41 கிலோ துணி இருக்கிறது. மீற்றரில் சொல்லாமல் கிலோவில் சொல்வதற்குக் காரணம், பாதிக்கு மேல் நிறுத்து வாங்கியது. சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் பஸாரில் நடைபாதையில் குவித்து வைத்து விற்பார்களே, ஆடைத் தொழிற்சாலையில் மிஞ்சிய கட் பீஸ், அதுதான். மிச்சமெல்லாம் அம்மாவின் பழைய சேலைகள், தீபாவளிச் சட்டை தைத்ததில் மீந்த பூப்போட்ட பருத்திச் சீத்தை, பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் வெள்ளைச் சீருடைத் துணியின் ஓரங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் இவ்வளவையும் வைத்துக்கொண்டு, துண்டுத் துணிகளை ஒன்றோடொன்று சேர்த்து ஒன்பது வருடமாக ஒட்டுப்போர்வை தைத்துக்கொண்டிருக்கிறேன்.

துணி அடுக்குவது பற்றி யூடியூபில் பேசுகிறவர்கள் எல்லோரும் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியைத்தான் காட்டுகிறார்கள். நானும் நம்பி ஆறு பெட்டி வாங்கினேன். ஒரே ஒரு ஆடி மாத மழை, ஆறும் நாறிப்போயின. அவர்கள் ஊருக்கு அது சரியாக இருக்கலாம். வைகாசியில் பிடித்து புரட்டாசி வரை விடாத மழையும், காலை பத்து மணி வரை ஜன்னலில் நிற்கிற பனிமூட்டமும் உள்ள ஊரில் கணக்கு வேறு. மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கிறது. திறந்து வைத்தால் வெளிறுகிறது. உள்ளே தள்ளிவிட்டால் இருப்பதே மறந்துபோகிறது. இதற்கு நடுவில் தட்டுத்தடுமாறிக் கண்ட வழிகள்தான் கீழே இருப்பவை. உங்கள் கோளாறு எதுவோ அங்கே போய்ப் படித்தால் போதும். முதலாவதை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## பெட்டியைத் திறந்ததும் மக்கல் வாசம்

துணியை முற்றத்துக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் விரியுங்கள். வாசம் மட்டுமா, புள்ளியும் விழுந்திருக்கிறதா?

வாசம் மட்டும் என்றால் பிழைத்தீர்கள். சவர்க்காரம் போட்டு அலசி, கடைசித் தண்ணீரில் ஒரு கப் வெள்ளை வினாகிரி ஊற்றி, வெயிலில் இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டுக் காயவிடுங்கள்.

சாம்பல் நிறத்தில் பொடி படிந்திருந்தால் உடனே தண்ணீரில் போடாதீர்கள். நனைத்தால் பொடி இழைக்குள் இறங்கிவிடும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, காய்ந்தபடியே உதறி பிரஷால் தட்டிவிட்டு, அப்புறம் சுடுதண்ணீரில் துவையுங்கள். கறுப்புப் புள்ளியாக இறங்கிவிட்டது என்றால் பெரும்பாலும் அது போகாது. குளோரின் போட்டு வெளுக்கப் பார்த்தால் புள்ளி போவதற்குள் இழை இற்றுவிடும். அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைத் துண்டுக் கூடையில் போடுங்கள். ஒட்டுப்போர்வைக்காரிக்கு இருக்கிற ஒரே சலுகை இதுதான், முழுத் துணி யாருக்கும் தேவையில்லை.

இது துணிக்கான வைத்தியம். இடத்துக்கும் வைத்தியம் பார்க்காவிட்டால் அடுத்த மாதம் மறுபடி இதே வேலை. அலுமாரி சுவரை ஒட்டி நிற்கிறதா? நான்கு விரல் இடைவெளி விட்டுத் தள்ளி வையுங்கள். நம் சுவர்கள் ஈரத்தை உறிஞ்சி வைத்திருந்து கக்குபவை. பெட்டி தரையில் இருந்தால் இரண்டு செங்கல், ஒரு பலகை. தகரக் கூரைக்கு நேர் கீழே பரணில் இருந்தால் அங்கே வைக்கவே கூடாது. தை மாதக் குளிரில் தகரத்தின் உள்பக்கம் நீர் கோத்து, விடியற்காலையில் சொட்டுச் சொட்டாக விழும். வீட்டில் யாருக்கும் தெரியாது, துணிக்குத்தான் தெரியும். அடுப்படிக்கு மேல் வைத்தால் ஈரம் அண்டாது, உண்மைதான், ஆனால் விறகுப் புகை ஏறிய துணியில் குழந்தைக்குப் போர்வை தைக்க முடியாது.

அடுத்தது, உள்ளே வைத்தபோது துணி நிஜமாகவே காய்ந்திருந்ததா? சமவெளியில் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள், சில்லென்று இருந்தால் ஈரம். இங்கே எல்லாத் துணியும் எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். அதனால் நான் செய்வது இது. துணியை நீராவி இல்லாமல் நன்றாகச் சூடேற இஸ்திரி போட்டு, அந்தச் சூட்டோடு ஒரு எவர்சில்வர் தட்டை அதன் மேல் கவிழ்த்து வைத்து இருபது வரை எண்ணுவேன். தட்டைத் திருப்பினால் உள்பக்கம் பனித்திருக்கிறதா? விரலால் கோடு போட முடிகிறதா? அப்படியானால் இன்னும் ஈரம் இருக்கிறது. தட்டு பளிச்சென்று இருந்தால் மடிக்கலாம், அதுவும் ஆறிய பிறகு.

வெயில் காட்டுவதற்கும் நாள் பார்க்க வேண்டும். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கத்துக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் நல்ல வறட்சி. அந்த மூன்று மாதத்துக்குள் எல்லாப் பெட்டியையும் ஒரு தடவை கவிழ்த்துவிடுவேன். பதுளை, பண்டாரவளைக்காரர்கள் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். எங்களுக்குக் கொட்டுகிற ஜூன், ஜூலையில் உங்களுக்குக் காற்றும் வெயிலும்.

மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, துவைத்த வெள்ளைத் துணியைப் பெட்டியின் மேல் போர்த்துங்கள். காற்று போகும், தூசி போகாது. சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மூடிய பெட்டிக்குள் போட்டால்தான் பயன். திறந்த அலுமாரிக்குள் போட்டால் அது ஊர்க் காற்றையெல்லாம் காயவைக்கப் பார்த்து ஒரே நாளில் ஓய்ந்துவிடும். அலுமாரிக்குள் பல்ப் எரியவிடுகிற பழைய வழக்கத்தைச் சிலர் இன்னும் சொல்கிறார்கள். எல்இடி பல்ப் அந்த அளவுக்குச் சூடாவதில்லை, அதனால் பயனில்லை. பழைய இழை பல்பு சூடாகும், அதனாலேயே துணிக்குள் வைக்கக்கூடாது.

## துணியின் மேல் சுரண்டினது போல, ஆங்காங்கே சின்ன ஓட்டை

ராமபாணப் பூச்சி. வெள்ளி நிறத்தில் வளைந்து வளைந்து ஓடும். அதற்கு வேண்டியது துணியைவிடத் துணியிலுள்ள கஞ்சி. புதுத் துணியின் மொடமொடப்பில் பாதி கஞ்சிதான், அதனால் வாங்கியதும் ஒரு தடவை அலசி வைப்பது நல்லது. வெட்டுவதற்கு வசதியாகக் கஞ்சி போடுகிறவர்கள் வெட்டும் நாளன்று போடுங்கள்.

பூச்சி உருண்டையைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தைக்குத் தைக்கிற துணியில் நாப்தலீன் வேண்டவே வேண்டாம். பச்சைக் குழந்தைகளில் சிலருக்கு அது இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

## இருக்கிற துணியையே மறுபடி வாங்கியாயிற்று

மஞ்சளில் சின்ன வெள்ளைப் பூப்போட்ட சீத்தை ஒன்றை நான் மூன்று தடவை வாங்கியிருக்கிறேன். மூன்றாவது தடவை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அம்மா, "இந்தப் பூவு நம்ம வீட்லயே காய்க்குதுல்ல, கடையில எதுக்கு?" என்றார்.

ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவதுதான் கோளாறு. மேலே உள்ள நான்கு துணியைத்தான் கை எடுக்கும், அடியில் கிடப்பது இல்லாத துணிக்குச் சமம். புத்தகம் அடுக்குவது போல நிறுத்தி வைக்க வேண்டும். நிற்க வேண்டுமானால் எல்லாம் ஒரே அளவாக மடிந்திருக்க வேண்டும். அதற்குப் பிள்ளைகளின் சீ.ஆர் கொப்பி, அதாவது கெட்டி அட்டை போட்ட பெரிய நோட்டுப் புத்தகம், ஒன்று போதும்.

44 அங்குல அகலத் துணியைக் கரையோடு கரை சேர்த்து மடித்தால் 22 அங்குலம். இன்னொரு மடிப்பில் 11. இப்போது நீளமான பட்டை மாதிரி கிடக்கும். அதன் ஒரு நுனியில் கொப்பியை வைத்துச் சுருட்டிக்கொண்டே போங்கள். இறுக்காமல், கொப்பி கழன்று வருமளவுக்கு. முடிந்ததும் கொப்பியை உருவிவிட்டு, பொட்டலத்தை நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். மடிப்பு மேலே வரும்படி பெட்டியில் நிறுத்துங்கள். இரண்டு மீற்றரானாலும் அரை மீற்றரானாலும் உயரம் ஒன்றுதான், தடிப்புதான் மாறும். எவ்வளவு துணி மீதி என்பதைத் தடிப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். கால் மீற்றருக்குக் குறைந்ததை மடித்துச் சிரமப்படாதீர்கள், அது துண்டுக் கூடைக்குச் சொந்தம்.

கடைக்குப் போகும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாதே. நிறுத்தி வைத்த வரிசையை மேலிருந்து ஒரு போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். நிறம் துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் கொப்பியில் ஒவ்வொரு துணியிலும் ஓர் அங்குலத் துண்டைச் சேர்த்து வைக்கலாம். ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள், இந்த ஈரத்தில் துருப்பிடித்துத் துணிக்கும் கறை ஏறும். இரண்டு இழை நூல் ஓட்டிவிட்டால் போதும். குண்டூசியைத் துணியில் குத்தி அப்படியே மறந்துவிடுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

## மடிப்பு விழுந்த இடத்தில் வெளிறிய கோடு

வெளிச்சம் பட்ட கோடு, மீட்க முடியாது. ஜன்னலைப் பார்த்த பக்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வையுங்கள், வெயில் காட்டும்போது மடிப்பை இடம் மாற்றி மடியுங்கள். கோடு பழுப்பாக இருந்தால் காரணம் வேறு. பலகைத் தட்டிலும் அட்டைப் பெட்டியிலும் உள்ள அமிலம் துணியில் ஏறியிருக்கும். நடுவில் ஒரு பழைய வெள்ளைத் துணியை விரியுங்கள்.

## இது என்ன துணி என்றே தெரியவில்லை

ஆடைத் தொழிற்சாலைகள் நிறைந்த கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் தொடங்கியது. 1992இல் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் கிராமங்களுக்கும் வந்தது. கட் பீஸுக்கு நம் நாட்டில் பஞ்சம் கிடையாது. ஆனால் பெயர்ச் சீட்டு இல்லாமல் வரும். விற்கிறவர் எல்லாவற்றையும் "நல்ல கொட்டன்" என்றுதான் சொல்வார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கும் தெரியாது.

இழுத்துப் பாருங்கள். பனியன் துணி மாதிரி நீண்டால் அது தனி மூட்டை, பருத்தியோடு சேர்த்துத் தைத்தால் போர்வை ஒரு பக்கம் சுருண்டுகொள்ளும். நீளாவிட்டால் நான்கு நூலை உருவி முறுக்கி, இடுக்கியில் பிடித்து, தட்டுக்கு மேலே வைத்து நெருப்புக் காட்டுங்கள். பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் இருக்கட்டும். பருத்தியானால் காகிதம் எரிகிற வாசத்தோடு எரிந்து, தொட்டால் உதிரும் மென்மையான சாம்பலாகும். பொலியஸ்டர் நெருப்பைக் கண்டதும் ஒடுங்கி, உருகி, கறுப்பாகக் கெட்டி மணி போல நிற்கும். முடி கருகும் வாசம் வந்தால் பட்டு அல்லது கம்பளி. சாம்பலும் கெட்டி மணியும் சேர்ந்தே வந்தால் கலப்புத் துணி. நான் கலப்பை ஒதுக்குவதில்லை, அது சீக்கிரம் காயும். தனியாக மட்டும் வைத்துக்கொள்வேன், ஏனென்றால் பருத்திக்கு வைக்கும் சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் அது பளபளத்துவிடும்.

## துவைத்ததும் சிவப்பு எல்லாவற்றிலும் இறங்கிவிட்டது

ஈரமாகவே இருக்கட்டும். காயவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். வீட்டிலுள்ள பெரிய பாத்திரத்தில் நிறையச் சுடுதண்ணீரும் சவர்க்காரத் தூளும் விட்டு முழுப் போர்வையையும் அமுக்கி, இரவு முழுவதும் ஊறவிடுங்கள். தண்ணீர் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது, கழன்ற சாயம் திரும்ப ஒட்ட இடமில்லாமல் தண்ணீரிலேயே நிற்கும். தண்ணீர் சிவந்தால் மாற்றி மறுபடி. என்னுடைய முதல் போர்வை இப்படி மூன்று தண்ணீரில் முக்கால்வாசி தப்பியது.

உப்பு போட்டால் சாயம் நிற்கும், வினாகிரி விட்டால் நிற்கும் என்பார்கள். உப்பு வேலை செய்வது சாயம் தோய்க்கும்போது. வினாகிரிக்குக் கட்டுப்படுவது பட்டிலும் கம்பளியிலும் போடும் அமிலச் சாயம். இந்தக் காலப் பருத்தித் துணிக்கு இரண்டும் சும்மா. சந்தேகமான சிவப்பு, கருநீலம், பத்திக் எல்லாவற்றிலும் இரண்டு அங்குலத் துண்டு வெட்டி, சுடுதண்ணீரில் அரை மணி நேரம் போட்டு, ஈரத்தோடு வெள்ளைத் துணியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டிக்குள் சேர்க்க வேண்டும். நான்கு தடவை அலசியும் விடாமல் கழிகிறதா? தலையணை உறைக்குத் தனியாகப் போகட்டும்.

## துணி நிறைய, ஆனால் எதை எடுத்தாலும் சேரவில்லை

பெரும்பாலும் நிறத்தில் பிழை இருக்காது, நிறத்தின் அடர்த்தியில், அதாவது எவ்வளவு வெளிர், எவ்வளவு கடும் என்பதில் இருக்கும். பத்துத் துணியை வரிசையாக விரித்து போனில் கறுப்பு வெள்ளையில் படம் எடுங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் உங்களிடம் இருப்பது முழுக்க நடுத்தர அடர்த்தி. தைத்தால் பூவும் சதுரமும் ஒன்றோடொன்று கலந்து, தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒரு பழைய சாக்கு மாதிரி தெரியும்.

மலைநாட்டில் இது ஏன் வருகிறது என்றும் தெரியும். செம்மண் பட்டால் போகாது என்று வெளிர் நிறத்தை நாம் வாங்குவதே இல்லை. அடுத்த தடவை பஸாருக்குப் போகும்போது வெளிர் துணி மட்டும் வாங்குவது என்று முடிவெடுத்துக்கொள்ளுங்கள். அதுவரைக்கும் சீருடை வெள்ளை இருக்கிறது. பளீர் வெள்ளை கண்ணை உறுத்தினால் தேயிலை எதற்கு இருக்கிறது? இரண்டு லீற்றர் கொதிதண்ணீரில் ஒரு கைப்பிடி டஸ்ட் போட்டு இறக்கி வடிகட்டி, நனைத்த துணியை இருபது நிமிடம் அதில் புரட்டிப் புரட்டி எடுத்தால் பால் தேநீரின் நிறம் வரும். பேரப்பிள்ளை வரை இருக்க வேண்டிய போர்வைக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள், தேயிலைச் சாயம் நாட்பட இழையை அரிக்கும்.

இதையெல்லாம் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இரவு பல்பில் சேர்ந்த ஜோடி காலையில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

## போதுமா, போதாதா என்று தெரியவில்லை

தராசு இருந்தால் பயம் வேண்டாம். நடுத்தரத் தடிப்புள்ள பருத்தி சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 145 கிராம். 44 அங்குல அகலத்தில் ஒரு மீற்றர் 160 கிராமுக்குச் சற்று மேல், கிலோவுக்கு ஆறு மீற்றர் என்று வையுங்கள். இரண்டரை அங்குலச் சதுரம் ஒன்பதை, ஓரங்களில் கால் அங்குலம் தையலுக்குப் பிடித்து, மூன்றுக்கு மூன்றாகச் சேர்த்தால், முடிந்த கட்டம் ஆறு அங்குலம். குறுக்கே 10, நெடுக்கே 13 என்று 130 கட்டம் வைத்தால் 60க்கு 78 அங்குலம், ஒரு ஒற்றைக் கட்டிலுக்குத் தாராளம். அதற்கு 1170 சதுரம், 4.2 மீற்றர். சேதாரம் போனாலும் ஒரு கிலோ கட் பீஸ் மேல் பக்கத்துக்குப் போதும். 41 கிலோவுக்கு எத்தனை போர்வை என்று நான் இதுவரை கணக்குப் பார்க்கவில்லை, பார்க்கப்போவதும் இல்லை.

போர்வையின் அடிப்பக்கத்துக்குப் போடும் கீழ்த் துணியில் ஏறத்தாழ ஒரு மீற்றர் மிச்சம் பிடிக்கலாம். அதை மேல் பக்கத்தைவிடச் சுற்றிலும் மூன்று அங்குலம் கூட்டி எடுப்போம். எல்லோரும் இரண்டு நீளத்தை நெடுக்காக இணைப்பார்கள், அதற்கு 84 அங்குலத்தில் இரண்டு, நாலேகால் மீற்றருக்கு மேல் போகும். துணியைத் திருப்பிக் குறுக்காக இணைத்தால் 66 அங்குலத்தில் இரண்டு, 3.4 மீற்றர்.

## துண்டு மலை

துண்டுகளைத் துண்டாகவே வைத்திருந்தால் அது குப்பை. தைத்து முடித்த அன்றே மீந்ததை ஐந்து அங்குலச் சதுரம், இரண்டரை அங்குலப் பட்டை என்று இரண்டே அளவில் வெட்டிவிடுங்கள். அதிலும் தேறாத கோணல் பட்டைகளைப் பழைய டெலிபோன் டிரெக்டரித் தாளின் மேல் அடுத்தடுத்து வைத்துத் தைத்து, சதுரமாக வெட்டி, தாளைக் கிழித்துவிடலாம். அதற்கும் சிறியது தலையணைக்குள் போகும்.

## நல்ல துணி, வெட்டக் கை வரவில்லை

இதற்கு நான் வைத்தியம் சொல்வது கொஞ்சம் வேடிக்கைதான். அம்மாவின் கூறைச் சேலையைப் பதினோரு வருடம் பெட்டியில் வைத்து அழகு பார்த்தவள் நான்.

நடுவில் வெட்டத் தொடங்காதீர்கள், முந்தானையைத் தொடவே வேண்டாம். கட்டும்போது இடுப்பில் முதலில் செருகுவோமே, அந்த உள்பக்க நுனி, அதில் ஒரு முழம் எடுங்கள். பெரும்பாலும் வேலைப்பாடு இருக்காது, கட்டினாலும் யார் கண்ணிலும் படாத இடம். சேலையை அப்புறமும் கட்டலாம். பட்டு வழுக்கும், நூலும் பிரியும், அதனால் வெட்டுவதற்கு முன்னால் அடியில் மெல்லிய வெள்ளைப் பருத்தியை வைத்துக் கை ஊசியால் ஓட்டிவிடுங்கள். ஒரு முழத்தில் ஐந்து அங்குலச் சதுரம் இருபத்தைந்துக்கு மேல் கிடைத்தது.

அவற்றை நிறையச் சீருடை வெள்ளைக்கு நடுவில் கலந்து வைத்து, நடுவில் பஞ்சுக்குப் பதிலாகப் பழைய கறுப்புக் கம்பளியை விரித்து, போன மார்கழியில் அம்மாவுக்கு ஒரு போர்வை தைத்துக் கொடுத்தேன். தடவித் தடவிப் பார்த்தார். இரவு எட்டிப் பார்த்தால், கூறை அழுக்காகிவிடும் என்று தலைகீழாகத் திருப்பிப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார். வெளியே தெரிந்தது நான் கீழ்ப்பக்கத்துக்கு ஒப்பேற்றிய சாம்பல் நிறச் சட்டைத் துணி. அதிலிருந்து கீழ்த் துணியையும் பார்த்துத்தான் எடுக்கிறேன்.